கலங்காமல் இறுத்த பீர்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லாமெட் ஆற்றங்கரையில் உள்ள பல்கலைக்கழக ஊர் கார்வாலிஸ். போர்ட்லாந்திலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம். ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முழுக்க ஹாப்ஸ் அறுவடை நடக்கும். நான் போனது அக்டோபரில். கொடிகளை அறுத்து எடுத்துவிட்டார்கள். வயல்களில் உயரக் கம்பங்களும் அவற்றுக்கிடையே ஓடும் கம்பிகளும் மட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

நான் பார்க்கப் போனது வயலை அல்ல, ஒரு வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையை. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் அங்கே பல ஆண்டுகளாக பீர் காய்ச்சுகிறார். அன்று இரண்டு பாத்திரங்களில் நொதித்து முடிந்த பீரைக் கெக் எனப்படும் எஃகுக் கலன்களுக்கு மாற்றும் நாள். கேட்க எளிய வேலைதான்: ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்ற வேண்டும். ஆனால் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களிடம் பேசிப் பாருங்கள். வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த பீர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தில்தான் என்பார்கள். ஹாப்ஸ் அள்ளிப் போட்ட பீரென்றால் கேட்கவே வேண்டாம்.

ஹாப்ஸைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு படர்கொடி. அதன் பெண் பூக்கள் பச்சை நிறத்தில், விரல் நுனியளவு கூம்புகளாகத் தொங்கும். கூம்பைப் பிரித்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் துகள் ஒட்டியிருக்கும். பிசுபிசுப்பான அந்தத் துகளுக்கு லுப்புலின் என்று பெயர். பீரின் கசப்பும் அதிலிருந்துதான், மணமும் அதிலிருந்துதான். சிக்கல் என்னவென்றால், கசப்பு இறங்க ஹாப்ஸைக் கொதிக்கவைக்க வேண்டும். கொதித்தால் மணம் தரும் எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். அதனால் மணத்துக்கென்று தனியாக ஒரு பங்கை எடுத்துவைத்து, நொதித்தல் முடியும் தறுவாயில் ஆறிய பீரில் அப்படியே போடுகிறார்கள். இதைத்தான் டிரை ஹாப்பிங் என்கிறார்கள். மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்ற எண்ணெய்கள் சூடு படாமல் பீரில் இறங்குகின்றன. ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் மரம் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வாசம்.

அந்த அம்மா தமது பீரில் போட்டிருந்தது கேஸ்கேட். அமெரிக்க பீரின் முகத்தையே மாற்றிய ரகம் என்று அதைச் சொல்லலாம். அரசு வேளாண் துறையும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய இனப்பெருக்கத் திட்டத்தில் இதே ஊரில் உருவாகி, 1972இல் வெளியிடப்பட்டது. பிறந்த ஊரிலேயே அது பீரில் ஊறுவதைப் பார்க்கக் கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கொட்டகையின் ஓரத்தில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று. கதவில் வெப்பநிலை காட்டும் கருவியில் 2 டிகிரி செல்சியஸ் என்றிருந்தது. உள்ளே ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை, கார்பாய் என்பார்கள். பக்கத்தில் ஓர் எஃகுப் பாத்திரம். கண்ணாடி வழியே பார்த்தபோது பீர் மூன்று அடுக்காக நின்றது. மேலே மெல்லிய பச்சைத் திட்டு. நடுவே பொன்னிறத்தில் தெளிந்த பீர். அடியில் நான்கு விரல் உயரத்துக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த மண்டி.

"கையை வைக்காதீர்கள். இரண்டு நாளாக இப்படி நிற்கிறது. அசைத்தால் இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்" என்றார்.

அந்த மண்டியில் பாதி ஈஸ்ட், பாதி ஹாப்ஸ். இன்று கடைகளில் ஹாப்ஸ் பெரும்பாலும் முழுக் கூம்பாகக் கிடைப்பதில்லை. காயவைத்து, அரைத்து, அழுத்திச் சின்னச் சின்ன உருளைகளாக்கி விற்கிறார்கள். பெல்லட் என்று பெயர். பீரில் போட்ட சில நிமிடங்களில் அது உப்பிக் கரைந்து மறுபடியும் தூளாகிவிடும். தூளானால் மணம் நன்றாக இறங்கும். ஆனால் அந்தத் தூள்தான் பின்னால் குழாயை அடைக்கிறது, வால்வில் சிக்குகிறது, கோப்பைக்கு வந்து தொண்டையைக் கரகரக்க வைக்கிறது. ஹாப்ஸ் துகள் மிதக்கும் பீரைக் குடித்தால் நாக்கின் பின்பக்கம் காய்ந்த இலையைக் கடித்ததுபோல் ஒரு துவர்ப்பு எரிச்சல் வரும். ஆக இது பார்வை அழகு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

எவ்வளவு ஹாப்ஸ் என்று கேட்டேன். ஒவ்வொரு பாத்திரத்திலும் 21 லிட்டர் பீர், 110 கிராம் ஹாப்ஸ். இன்னும் நிறையப் போடலாமே என்றதற்கு, தம் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வைச் சொன்னார். அங்கே ஸ்காட் லாஃபோன்டெய்ன், தாமஸ் ஷெல்ஹாமர் இருவரும் கேஸ்கேட் ஹாப்ஸை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போனால் மணம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. பழ வாசம் பின்னுக்குப் போய், தேயிலை, மூலிகை வாசம் முன்னுக்கு வருகிறது என்று அதில் கண்டார்கள். அளவுக்கு மேல் கொட்டுகிறவர் மணத்தைக் கெடுத்துக்கொள்வதோடு மண்டியையும் கூட்டிக்கொள்கிறார். அடைப்புக்கான முதல் மருந்து தராசிலேயே இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மண்டி பீரையும் குடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் 19 லிட்டர் கெக்கை நிரப்ப அவர் 21 லிட்டர் காய்ச்சுகிறார்.

குளிரில் வைப்பதுதான் இந்த வேலையின் உயிர். நொதித்தல் முடிந்ததும் பீரை முதலில் 14 டிகிரிக்கு இறக்குகிறார். ஈஸ்ட் பெருமளவு அடியில் படிகிறது. அதன்பின் ஹாப்ஸ். இரண்டு மூன்று நாள் ஊறியதும் 2 டிகிரிக்கு இறக்குகிறார். குளிரில் மிச்ச ஈஸ்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கீழே இறங்க, மிதந்த ஹாப்ஸ் துகள்களும் அதோடு சேர்ந்து படிகின்றன. நம் வீட்டில் ரசத்தைக் கலக்காமல் மேலாக இறுத்து ஊற்றுவோமே, அந்த மாதிரி. வடிகட்டியைவிட நேரமும் குளிரும்தான் இங்கே பெரிய வடிகட்டி.

ஆனால் குளிரவைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பாத்திரத்தின் மேல்பகுதியில் உள்ள வாயு குளிர்ந்து சுருங்கும். குளிர்ந்த பீர் கரியமில வாயுவைக் கூடுதலாகக் கரைத்தும் கொள்ளும். உள்ளே அழுத்தம் குறைந்தால் பாத்திரத்தின் வாயில் மாட்டும் ஏர்லாக் என்ற காற்றுப்பூட்டு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. ஹாப்ஸ் மணமுள்ள பீருக்கு ஆக்சிஜனைப் போல் எதிரி கிடையாது. சில நாட்களில் பொன்னிறம் பழுப்பாகும். பழ வாசம் போய், நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும். இதைத் தடுக்க அவர் கார்பாயின் மூடியில் கரியமில வாயு நிரப்பிய பை ஒன்றைப் பொருத்தியிருந்தார். பீர் வாயுவை இழுத்தால் அந்தப் பையிலிருந்து இழுத்துக்கொள்ளும். பை பாதி சூம்பிப்போயிருந்தது. பை இல்லையென்றால் அவ்வளவு காற்றும் உள்ளே போயிருக்கும்.

இந்த இடத்தில் அவர் சொன்னது இந்த வேலை முழுவதற்கும் திறவுகோல் என்று நினைக்கிறேன். "புதிதாகச் செய்கிறவர்கள் மண்டிக்குப் பயப்படுகிறார்கள். மூடியைத் திறந்து பார்ப்பது, கரண்டி விட்டு அள்ளுவது, துணியில் வடிப்பது. மண்டி போய்விடும், காற்று உள்ளே வந்துவிடும். மண்டி உள்ள பீரை ஒரு வாரம் குளிரில் வைத்தால் தெளிந்துவிடும். காற்று பட்ட பீரை எதைச் செய்தும் மீட்க முடியாது."

அதற்கேற்பத்தான் அவருடைய ஏற்பாடுகள் எல்லாம். கெக்குகள் முன்பே தயாராக இருந்தன. இவை முன்பு குளிர்பானக் கடைகளுக்கென்று செய்யப்பட்டவை. கார்னீலியஸ் கெக் என்பார்கள். மேலே இரண்டு வாய்கள்: ஒன்று வாயுவுக்கு, மற்றது திரவத்துக்கு. திரவ வாயிலிருந்து ஒரு குழாய் உள்ளே அடிவரை இறங்குகிறது. கெக்கைக் கிருமிநீக்கிக் கரைசலால் விளிம்புவரை நிரப்பி, மூடி, பிறகு கரியமில வாயுவைச் செலுத்தி அந்தக் கரைசல் முழுவதையும் வெளியே தள்ளியிருந்தார். கரைசல் இருந்த இடமெல்லாம் இப்போது கரியமில வாயு. காற்றுக்கு அங்கே இடமே இல்லை. காலிக் கெக்கில் சும்மா வாயுவைப் பீய்ச்சினால் காற்று முழுக்க வெளியேறாது, கலந்துதான் நிற்கும் என்று விளக்கினார்.

இரண்டாவது கெக்குக்குச் சிலிண்டர் வாயுகூடச் செலவாகவில்லை. எஃகுப் பாத்திரத்தில் பீர் நொதிக்கும்போது வெளியேறிய வாயுவையே ஒரு குழாய் வழியாகக் கெக்குக்குள் விட்டுக் கரைசலைத் தள்ள வைத்திருக்கிறார். 19 லிட்டர் பீர் நொதிக்கையில் பல நூறு லிட்டர் கரியமில வாயு வெளிவருகிறது. எல்லோர் வீட்டிலும் அது வீணாகத்தான் போகிறது.

முதலில் கண்ணாடிக் குடுவை. இருவரும் சேர்ந்து ஃபிரிட்ஜிலிருந்து மேசைக்குத் தூக்கினோம் என்று எழுத முடியாது, ஏனென்றால் அது ஃபிரிட்ஜின் மேல்தட்டிலேயே நின்றது. தூக்கி வைத்தால் மண்டி கலங்கும் என்பதால் குளிர வைக்கும்போதே உயரத்தில் வைத்துவிடுகிறார். குடுவையின் ஒரு பக்கத்தின் கீழ் மரக்கட்டை ஒன்றைச் செருகிச் சாய்த்தும் வைத்திருந்தார். மண்டி தாழ்ந்த பக்கத்தில் குவிய, உயர்ந்த பக்கத்தில் குறைவாகப் படிகிறது. உறிஞ்சும் குழாயை அந்தப் பக்கம் இறக்கலாம். மாற்றும் நாளில் சாய்த்தால் பயனில்லை. படியத் தொடங்குமுன்பே சாய்த்திருக்க வேண்டும்.

உறிஞ்சும் குழாயின் நுனியில் மெல்லிய நைலான் வலைப்பை ஒன்றைக் கொதிநீரில் போட்டெடுத்து, கிருமிநீக்கியில் நனைத்துக் கட்டினார். பை குழாயோடு ஒட்டிக் கிடக்கவில்லை, தளர்வாக, கையளவு விரிந்து நின்றது. அதற்குக் காரணம் கேட்டேன். வலை இறுக்கமாக இருந்தால் பீர் நுழையும் பரப்பு மிகச் சிறியது. நாலு துகள் ஒட்டியதும் அடைத்துக்கொள்ளும். பரப்பு பெரிதாக இருந்தால் பீர் மெதுவாக நுழையும், துகளை வலையோடு அறைந்து ஒட்டவைக்காது. மிக நுண்ணிய கண் உள்ள வலை வாங்கினால் நன்றாக வடியும் என்று நினைப்பதும் தவறாம். பசைபோன்ற ஹாப்ஸ் சேறு அதில் உடனே அப்பிக்கொள்கிறது. அவரிடம் இருந்த எஃகு வலை 300 மைக்ரான் கண் கொண்டது. அதற்கும் நுண்ணியதை அவர் வாங்குவதில்லை.

வலையைக் கெக் பக்கம், அதாவது பீர் வந்து விழும் முனையில் கட்டுகிறவர்களும் உண்டு. அங்கே கட்டினால் அடைக்கும்போது பீர் தெறித்து நுரைக்கும், கெக்கின் வாயையும் திறந்து வைத்திருக்க வேண்டும். இரண்டும் காற்றுக்குக் கதவைத் திறப்பதுதான். வடிப்பதானால் பீர் புறப்படும் இடத்தில் வடிக்க வேண்டும்.

குடுவையின் வாயில் இரண்டு துளை உள்ள ரப்பர் தொப்பி. ஒரு துளை வழியாக உறிஞ்சும் குழாய் இறங்குகிறது. மற்றதில், கெக்கின் வாயு வாயிலிருந்து வரும் டியூப். பீர் கெக்குக்குள் இறங்க இறங்க, அங்கிருந்து வெளியேறும் கரியமில வாயு மேலே வந்து குடுவையின் காலியிடத்தை நிரப்புகிறது. ஒரு மூடிய வட்டம். ஓட்டத்தைத் தொடங்க மட்டும் சிலிண்டரிலிருந்து துளி அழுத்தம். கண்ணாடிக் குடுவைக்கு அழுத்தம் தாங்காது. உடைந்தால் உயிருக்கே ஆபத்து. தொப்பியைக் கம்பி போட்டு இறுக்கக் கூடாது என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். அழுத்தம் ஏறினால் தொப்பி தானாகக் கழன்றுவிட வேண்டும். கொட்டகையின் பெரிய கதவைத் திறந்து வைத்த பிறகே சிலிண்டரைத் தொட்டார். மூடிய இடத்தில் கரியமில வாயு கசிந்தால் மூச்சடைக்கும்.

குழாயை அடிவரை விடவில்லை. பீரின் நடுமட்டத்தில் நிறுத்தினார். ஓட்டம் நிதானமாகி, தெளிந்த பீர் டியூபில் கண்ணாடிக் கம்பிபோல் இறங்கியது. மட்டம் குறையக் குறையக் குழாயையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கெக் எஃகு என்பதால் உள்ளே எவ்வளவு நிரம்பியது என்று தெரியாது என்று நினைத்தேன். ஈரக்காற்றில், குளிர்ந்த பீர் எட்டிய உயரம்வரை கெக்கின் வெளிப்புறம் வியர்த்தது. அந்த வியர்வைக் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கெக்கை ஓர் எடைக்கருவியின் மேலும் வைத்திருந்தார், வெயில் காலத்தில் கோடு சரியாகத் தெரியாது என்பதால்.

மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். ஓட்டம் நின்றது.

நான் பதறினேன். அவர் பதறவில்லை, குழாயைக் குலுக்கவும் இல்லை. டியூபையே உற்றுப் பார்த்தார். "டியூப் நிறைய பீர் இருக்கிறது, குமிழ் இல்லை, அசைவும் இல்லை. அப்படியென்றால் அடைப்பு கீழே, கெக் பக்கம்." மேலே, வலைப்பையில் அடைத்திருந்தால் டியூபுக்குள் இழுவிசை மட்டும் இருக்கும், அழுத்தம் குறையும், கரைந்திருக்கும் வாயு குமிழாகப் பிரிந்து டியூபின் வளைவில் திரளும். குமிழ் இல்லாததால் இடம் தெரிந்துவிட்டது. இப்படி ஓர் எளிய அடையாளத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அடைப்பு ஏற்பட்டதும் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டாலே பாதி பீர் பிழைக்கும்.

கெக்கின் திரவ வாயிலும் அதில் மாட்டும் கனெக்டரிலும் சுருள்கம்பி வைத்த சின்ன வால்வுகள் உண்டு. பீர் போகும் பாதையிலேயே மிகக் குறுகலான இடம் அதுதான். ஓர் இலைத்துணுக்கு போதும், அடைத்துக்கொள்ள. அவர் கனெக்டரைக் கழற்றினார். கழற்றிய கணமே இரண்டு பக்க வால்வுகளும் தாமே மூடிக்கொண்டன, காற்று நுழையவில்லை. கிருமிநீக்கி நிரம்பிய சிறு வாளியில் இன்னொரு கனெக்டர் தயாராக ஊறிக்கொண்டிருந்தது. டியூபை இடுக்கியால் நெரித்துப் பிடித்து, மாற்றி மாட்டி, இடுக்கியை எடுத்தார். பீர் மறுபடி ஓடியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கழற்றியதைத் திருகிப் பிரித்துக் காட்டினார். வால்வு முனையில் நகக்கண் அளவு பச்சைத் துணுக்கு. வலைப்பையைக் கட்டிய இடத்தில் ஒரு மடிப்பு விரிந்திருந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து டியூபின் வளைவில் குமிழ்கள் திரண்டன. இந்த முறை மேலே. குழாயை இரண்டு விரல் உயர்த்தி, அசையாமல் பிடித்துக் காத்திருந்தார். பை மண்டியை விட்டு விலகியதும் ஓட்டம் தெளிந்தது. இத்தகைய அடைப்புக்குப் பலர் கரியமில வாயுவைப் பின்பக்கமாகச் செலுத்தி ஊதித் தள்ளுவார்கள். அடைப்பு போகும். ஆனால் அந்த ஊதலில் அடியில் படிந்த மண்டி முழுக்க எழும்பிவிடும், இரண்டு நாள் குளிர் வீண். வேறு வழியே இல்லாதபோது மட்டும், ஒரு நொடி ஊதலாம் என்றார். கையால் அழுத்தி உறிஞ்சும் பிஸ்டன் குழாய் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் சொன்னார். வலை அடைத்தால் அந்தப் பிஸ்டனின் ரப்பர் வளையத்தின் ஓரமாகக் காற்று உள்ளே கசியும். பீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், கூடவே காற்றுக் குமிழும் ஓடும்.

கடைசியில் டியூபின் நிறம் பொன்னிலிருந்து லேசான பச்சைக்கு மாறியது. அந்த வினாடியே நெரித்து நிறுத்திவிட்டார். குடுவையில் இன்னும் ஒன்றரை லிட்டர் பீர் இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. "கெக்கில் 19 லிட்டர் நல்ல பீர் இருக்கிறது. இந்த ஒன்றரை லிட்டருக்காக அதைக் கலக்கவா?" என்று கேட்டார். மிச்சத்தை ஒரு ஜாடியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தார். அது தெளிந்ததும் ருசி பார்க்க மட்டும்.

எஃகுப் பாத்திரத்தில் இத்தனை பாடு இல்லை. அதன் உள்ளே அடிவரை போகும் குழாய்க்குப் பதில் ஒரு சிலிக்கோன் டியூப், அதன் நுனியில் ஓர் எஃகு மிதவை. மிதவை பீரின் மேல்மட்டத்தில் மிதந்தபடி அங்கிருந்தே உறிஞ்சுகிறது. தெளிந்த பீர் எப்போதும் மேலேதான் இருக்கும். அதனால் முதல் துளியிலிருந்தே சுத்தம். மேலே மிதக்கும் பச்சைத் திட்டு உள்ளே போகாதபடி உறிஞ்சும் வாய் மிதவைக்குச் சற்றுக் கீழே, சிறு வலைக்கூட்டுக்குள் இருக்கிறது. எஃகு அழுத்தம் தாங்கும் என்பதால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ போதும், பீர் தானாகப் போய்ச் சேர்ந்தது. ஹாப்ஸ் போடவும் இவர் இந்தப் பாத்திரத்தைத் திறப்பதில்லை. காய்ச்சிய நாளிலேயே ஹாப்ஸ் பையை மூடியின் உட்புறத்தில் காந்தத்தால் பிடித்து வைத்துவிடுகிறார். வேண்டிய நாளில் வெளிக்காந்தத்தை எடுத்தால் பை பீரில் விழுகிறது. பையில் பாதி இடம் காலியாக இருக்க வேண்டும், பெல்லட் உப்புவதற்கு. திணித்த பையின் நடுவில் உள்ள ஹாப்ஸ் நனையாமலே கிடக்குமாம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு எதைச் சொல்வீர்கள் என்று கேட்டேன். மிதவைக் குழாய் என்றார், தயங்காமல். அதன் விலை, ஒரு தடவை கெட்டுப்போகும் பீரின் விலையைவிடக் குறைவு. என் கண்ணால் பார்த்ததும் அதையே சொல்கிறது.

ஜெலட்டின் போட்டுத் தெளியவைக்கும் முறை பற்றியும் பேச்சு வந்தது. அவர் போடுவதில்லை. தெளிவு கிடைக்கும், ஆனால் ஹாப்ஸ் மணத்தில் கொஞ்சம் அதோடு இறங்கிவிடும் என்பது அவர் அனுபவம். இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இப்போது பெயர்பெற்றிருக்கும் மங்கலான ஐபிஏ வகை பீரின் மங்கல், ஹாப்ஸ் தூளால் வருவதல்ல. தானியத்தின் புரதமும் ஹாப்ஸின் பாலிஃபீனாலும் பிணைந்து உண்டாக்கும் நுண்ணிய மங்கல் அது. தூளை வடித்த பிறகும் அது இருக்கும், இருக்கவும் வேண்டும். மங்கலான பீர்தானே என்று மண்டியோடு ஊற்றுகிறவர் அந்த பீரைப் புரிந்துகொள்ளவில்லை.

மாற்றுவதற்கு முன் இன்னொன்றையும் அவர் சோதித்திருந்தார்: நொதித்தல் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று. ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் தின்னாமல் விட்ட மாவுச்சர்க்கரைகளை உடைத்து மீண்டும் நொதித்தலைத் தூண்டக்கூடும். இங்கிலாந்தில் ஹொரேஸ் பிரவுன், ஹாரிஸ் மோரிஸ் இருவரும் 1893இலேயே இதை எழுதியிருக்கிறார்கள். அவசரப்பட்டு மாற்றினால் பீரில் வெண்ணெய் வாசம் வரும். கெக்கில் அல்லாமல் பாட்டிலில் அடைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது, பாட்டில் வெடிக்கலாம். அடர்த்திமானியில் அளவு சில நாள் மாறாமல் நின்ற பிறகே அவர் குளிரவைத்தார்.

இந்தக் கலை அமெரிக்க வீடுகளில் வெளிப்படையாக வளர்ந்து நெடுங்காலம் ஆகவில்லை. மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்ய அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால்தான் வழி பிறந்தது. ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் இருந்தால் 200 காலன், விற்பனை கூடாது. மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013இல்தான் இசைந்தன. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அனுமதி உள்ள நாடுகளில் வாழும் தமிழர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதி.

இரண்டு கெக்குகளும் ஃபிரிட்ஜுக்குள் போயின. முதல் கோப்பை மட்டும் கொஞ்சம் கலங்கலாக வரும், அதைக் கொட்டிவிட வேண்டும்; கெக்கின் அடியில் படிவது அந்த ஒரு கோப்பையோடு போய்விடும். அது பிடிக்காதவர்கள் கெக்கின் உள்குழாயை அரை அங்குலம் வெட்டிக்கொள்கிறார்கள். பிறகு கழுவும் வேலை. அவர் வால்வுகள் ஒவ்வொன்றையும் திருகிக் கழற்றிச் சுடுநீரில் போட்டார். காய்ந்துபோன ஹாப்ஸ் துணுக்கு வால்வில் ஒட்டியிருந்தால் அடுத்த முறை அடைப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஹாப்ஸ் சக்கையை அவர் தோட்டத்து உரக்குழியில் போடவில்லை. பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டார். தோட்டங்களுக்கு நல்ல உரமாயிற்றே என்றேன். அக்கம்பக்கத்தில் நாய்கள் இருக்கின்றன என்றார். ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. தின்ற நாய்க்கு உடல்சூடு கட்டுக்கடங்காமல் ஏறி, சில மணி நேரத்தில் உயிர் போகலாம். பீரில் ஊறிய சக்கையும் அப்படித்தான். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வேறு எதை மறந்தாலும், சக்கையை நாய் எட்டாத இடத்தில் போடுவதை மறக்க வேண்டாம். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.